தலைமுறைக்குத் தலைமுறை நீளும் மூன்றெழுத்து

(நெய்வேலியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இந்தத் தடவை சந்திப்பு நெய்வேலி டவுன்ஷிப்புலதான். உங்களுக்கு 20 நிமிஷம். பக்கெட் வீல், பெல்ட் கன்வேயர்னு சுரங்கத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க, ஸ்டூடண்ட்ஸ் ஆர்வமா கேப்பாங்க" என்றார். "ஜெனடிக்ஸ் பேசலாமா சார்?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க மெக்கானிக்கல் தானே தம்பி?" என்றார்.

மெக்கானிக்கல்தான். கன்வேயர் பராமரிப்புதான் என் பிழைப்பு. ஆனால் சில வருஷங்களாக எங்கள் குடும்பம் மூன்றே மூன்று எழுத்துகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. படித்ததையும், மரபியல் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் ஒரு இன்ஜினீயருக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். அக்காவும் சித்தியும் "தாராளமா சொல்லு" என்று சம்மதித்த பிறகுதான் மேடை ஏறியிருக்கிறேன்.

விஷயத்தின் பெயர் ஃபிரஜைல் எக்ஸ். தமிழில் 'நொய்ந்த எக்ஸ்' என்று சொல்லலாம். பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உலகிலேயே மிகப் பொதுவான ஒற்றை ஜீன் காரணம் இதுதான். வெளிநாடுகளில் எடுத்த கணக்குகளின்படி 150 முதல் 300 பெண்களில் ஒருவரும், 400 முதல் 850 ஆண்களில் ஒருவரும் இதன் விதையைத் தங்களுக்கே தெரியாமல் சுமக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தால், இந்த அரங்கில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு.

காப்பி எடுப்பதில் வரும் வம்பு

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய புத்தகம். சுமார் 300 கோடி எழுத்து. குரோமோசோம்கள் அதன் தொகுதிகள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இது பள்ளியிலேயே படித்ததுதான்.

எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனைக்குப் பக்கத்தில் எஃப்.எம்.ஆர்.1 என்று ஒரு ஜீன் இருக்கிறது. அதன் ஆரம்பப் பகுதியில் சி.ஜி.ஜி., சி.ஜி.ஜி., சி.ஜி.ஜி. என்று அதே மூன்றெழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். நம்மில் பெரும்பாலோருக்கு 30 தடவை அளவில் வந்து நின்றுவிடும்.

வீட்டில் பாட்டி ஸ்ரீராமஜெயம் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கதையைப் பார்த்துக் காப்பி எடுத்தால், நடுவில் யாராவது கூப்பிட்டாலும் விட்ட இடம் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் வேறு. ஸ்ரீராமஜெயத்தில் அப்படியில்லை. 40 எழுதினோமா, 42 எழுதினோமா என்று குழம்பிவிடும். செல் தன் டி.என்.ஏ.வைக் காப்பி எடுக்கும்போதும் இதே கதைதான். ஒரே எழுத்து வரிசையாக இருக்கும் இடத்தில் புது இழை சற்று வழுக்கும். சி.ஜி.ஜி. வரிசைக்குத் தன் மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஒரு மடிப்பு விழும். பழுது பார்க்கும் என்சைம்கள் அந்த மடிப்பை வெட்டி எறியாமல், அதையும் வரிசையில் சேர்த்துவிட்டால் எண்ணிக்கை கூடிவிடும்.

பரம்பரை நோய் என்றாலே, தாத்தாவிடம் இருந்த பிழை அச்சு அசலாகப் பேரனுக்கு வரும் என்றுதான் நாம் பாடத்தில் படித்தோம். இங்கே பிழையே வளர்கிறது. வட்டி குட்டி போடும் என்பார்களே, அது மாதிரி. வாங்கியவர் கையில் சின்னக் கடன், மூன்றாம் தலைமுறையில் வீடே மூழ்கும்.

நான்கு எண்கள்

சி.ஜி.ஜி. எண்ணிக்கை 44 வரை இருந்தால் சாதாரணம். 45 முதல் 54 வரை இரண்டுங்கெட்டான். 55 முதல் 200 வரை 'முன்நிலை மாற்றம்'. 200-ஐத் தாண்டினால் 'முழு மாற்றம்'.

200-ஐத் தாண்டியதும் செல் அந்த ஜீனின் மேல் மீதைல் என்ற வேதி முத்திரைகளைக் குத்தி, கிட்டத்தட்ட சீல் வைத்துவிடுகிறது. ஜீனின் எழுத்தில் தப்பில்லை, கதவுதான் பூட்டிக் கிடக்கிறது. அந்த ஜீன் தயாரிக்க வேண்டிய புரதம் வராமல் போகிறது. மூளையில் நரம்புகள் சந்திக்கும் இடங்களில் மற்றப் புரதங்களின் உற்பத்திக்கு பிரேக் போடுவது அந்தப் புரதத்தின் வேலை. பிரேக் இல்லாத கன்வேயர் என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும், கற்பது கடினமாகும், பதற்றமும் கூச்சமும் கூடும், சத்தமும் கூட்டமும் ஆகாது, பலருக்கு ஆட்டிசத்தின் குணங்கள் இருக்கும். பையன்களிடம் இது தெளிவாகத் தெரியும். பெண் குழந்தைக்கு இரண்டாவது எக்ஸ் கைகொடுப்பதால் முழு மாற்றம் இருந்தும் பாதிப்பு லேசாக இருக்கலாம், சிலரிடம் வெளியே தெரியாமலும் போகலாம்.

முன்நிலை மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த ஜீன் பூட்டவில்லை. அவர்கள் படிப்பார்கள், வேலைக்குப் போவார்கள், மேடையேறிப் பேசுவார்கள். அவர்களுக்கு வேறு இரண்டு தொல்லைகள் வரக்கூடும். அதை எங்கள் வீட்டுக் கதையில் சொல்கிறேன்.

சுரங்கத்தின் பெஞ்சும் ஏ.ஜி.ஜி.யும்

ஒருவருக்கு 60 என்ற எண் தலைமுறை தலைமுறையாக அசையாமல் நிற்கிறது. இன்னொருவருக்கு அதே 60 பிள்ளை காலத்திலேயே எகிறுகிறது. ஏன்? இந்த இடத்தைப் படித்தபோதுதான், நம்ம ஊர்ச் சமாச்சாரமாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நம் சுரங்கத்தை மேலே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்மண்ணை ஒரே செங்குத்தாக வெட்டி லிக்னைட்டுக்கு இறங்க முடியாது. வெட்டினால் சரிந்துவிடும். படிப்படியாக பெஞ்ச் விட்டு வெட்டுகிறோம். மொத்த ஆழம் அதேதான். ஆனால் நடு நடுவே தட்டையான பெஞ்ச் இருப்பதால் சரிவு நிற்கிறது.

சி.ஜி.ஜி. வரிசையிலும் இயற்கை பெஞ்ச் விட்டிருக்கிறது. சாதாரணமாக 9 அல்லது 10 சி.ஜி.ஜி.க்கு ஒரு தடவை ஏ.ஜி.ஜி. என்று ஒரு எழுத்து மாறி வரும். அந்த ஒரு எழுத்து, காப்பி எடுக்கும் இயந்திரத்துக்குப் பிடிமானம். வழுக்கல் அங்கே நின்றுவிடும். சிலருடைய வரிசையில் இந்த ஏ.ஜி.ஜி. தொலைந்து போயிருக்கும். அப்போது இடைவெட்டே இல்லாத நீண்ட சுத்த வரிசை உண்டாகிறது. சரிவது அதுதான். ஆகவே மொத்த எண்ணோடு, நடுவில் எத்தனை ஏ.ஜி.ஜி. இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் இன்று மரபியல் நிபுணர்கள் ஆபத்தைக் கணிக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, யார் வழியாக வருகிறது என்பது. முன்நிலை மாற்றம் முழு மாற்றமாக எகிறுவது தாய் வழியாக வரும்போது மட்டுமே. தாயின் எண் 60-க்குக் கீழே இருந்தால் எகிறும் வாய்ப்பு நூற்றுக்குச் சில. 80-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல். 100-ஐத் தாண்டினால் ஏறக்குறைய உறுதி. மாறிய எக்ஸ் குழந்தைக்குப் போனால்தான் இந்தக் கணக்கு. போவதும் போகாததும் பாதிக்குப் பாதி. தகப்பன் வழி வேறு. முன்நிலை மாற்றம் உள்ள ஆண் தன் மகள்கள் அத்தனை பேருக்கும் அதைக் கொடுப்பான், பெரிய மாற்றமில்லாமல், முன்நிலையாகவே. மகன்களுக்குப் போவது அவனுடைய ஒய். அதனால் ஒரு மகனுக்கும் கொடுக்க மாட்டான்.

புதிரும் விடையும்

1943-ல் இங்கிலாந்தில் மார்ட்டின், ஜூலியா பெல் என்ற இருவர் ஒரே குடும்பத்தில் பெரும்பாலும் ஆண்களுக்கு அறிவுத்திறன் குறைபாடு வருவதைப் பதிவு செய்தார்கள். 1969-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் லப்ஸ், இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் எக்ஸ் குரோமோசோமின் முனை முறிந்து தொங்குவது போலத் தெரிவதை மைக்ராஸ்கோப்பில் கண்டார். 'நொய்ந்த' என்ற பெயர் அதனால் வந்தது. மற்ற லேப்களில் சிலருக்குத் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. 1977-ல் ஆஸ்திரேலியாவின் கிராண்ட் சதர்லேண்ட் காரணத்தைக் கண்டுபிடித்தார். செல்களை வளர்க்கும் கரைசலில் ஃபோலிக் அமிலம் குறைவாக இருந்தால்தான் அந்த முறிவு தெரியும். நல்ல சத்தான புதுக் கரைசலுக்கு மாறிய லேப்களில் முறிவு மறைந்துவிட்டது!

1985-ல் ஸ்டெஃபனி ஷெர்மன் குடும்பக் கணக்குகளைக் கூட்டிக் கழித்து ஒரு புதிரை வைத்தார். சில ஆண்கள் நோயே இல்லாமல் பேரனுக்கு நோயைக் கடத்துகிறார்கள். அப்படிப்பட்ட ஆணின் சகோதரர்களுக்கு ஆபத்து சுமார் 9 சதவீதம். அதே ஆணின் மகள்வழிப் பேரன்களுக்குச் சுமார் 40 சதவீதம். ஒரே குடும்பம், ஒரே ஜீன், கீழே இறங்க இறங்க ஆபத்து ஏறுகிறது. மெண்டலின் பட்டாணிக் கணக்கில் இதற்கு இடமே இல்லை. 'ஷெர்மன் புதிர்' என்றே பெயர் வைத்தார்கள்.

1991-ல் ஸ்டீபன் வாரன், டேவிட் நெல்சன், பென் ஊஸ்ட்ரா ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து எஃப்.எம்.ஆர்.1 ஜீனைப் பிடித்தன. உள்ளே சி.ஜி.ஜி. வரிசை. தாத்தாவுக்குக் குட்டை, அம்மாவுக்குக் கொஞ்சம் நீளம், பேரனுக்கு மிக நீளம். புதிர் அவிழ்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கு

இனி எங்கள் வீடு. என் அம்மாவின் அப்பா 1960-களில் நெய்வேலிக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தவர். கணக்கில் புலி. அறுபது வயதுக்கு மேல் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்தும். காலை அகட்டி வைத்து நடப்பார், அடிக்கடி விழுவார். "நரம்புத் தளர்ச்சி, வயசாச்சு" என்றார்கள். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தாத்தாவுக்கு மூன்று பெண், ஒரு பிள்ளை. பெரியம்மா, என் அம்மா, சித்தி, கடைசியாக மாமா. சித்திக்கு ஒரே மகள். 36 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. அடுத்த குழந்தைக்காகப் போகாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியம் இல்லை. "அவளுக்கு ராசி அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

என் அக்காவுக்கு 2012-ல் பையன் பிறந்தான். மூன்று வயது வரை பேச்சில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வான். யாராவது கிட்டே வந்து கொஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சந்தோஷத்தில் கையை உதறுவான். ஒரு மருத்துவமனையில் குரோமோசோம் சோதனை செய்து "எல்லாம் நார்மல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்கு வருஷம் அந்தத் தாளை நம்பினோம். 2019-ல் வேறொரு டாக்டர் பையனைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "உங்க அம்மா வழியில வயசானவங்க யாருக்காவது கை நடுக்கம் உண்டா? யாருக்காவது மாதவிலக்கு சீக்கிரமே நின்னதா?" என்று கேட்டார். அக்கா ஆடிப்போய்விட்டாள். குழந்தைக்குப் பேச்சு வராததற்கும், செத்துப்போன தாத்தாவின் டம்ளருக்கும், சித்தியின் கண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. மூன்றும் ஒரே ஜீன்தான். முன்நிலை மாற்றத்தில் ஜீன் பூட்டிக்கொள்வதில்லை, அளவுக்கு மீறி ஆர்.என்.ஏ.வைத் தயாரித்துத் தள்ளுகிறது. அந்த அதிகப்படி ஆர்.என்.ஏ. நாளாவட்டத்தில் நரம்பு செல்லுக்கு நஞ்சாகிறது. இதைச் சுமக்கும் ஆண்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் வருகின்றன. பெண்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு நாற்பது வயதுக்குள் கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பைகள் ஓய்ந்துவிடுகின்றன. நடுக்கத்தைக் கண்டுபிடித்த கதை அழகானது. அமெரிக்காவில் ராண்டி ஹேகர்மன் என்ற பெண் டாக்டரிடம் பையன்களைக் கூட்டிவந்த தாய்மார்கள், "எங்க அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை, கை நடுங்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் அந்தப் பேச்சை ஒதுக்கவில்லை. 2001-ல் அது தனி நோயாகப் பதிவானது.

எங்கள் சோதனை முடிவுகள்: அம்மா 76, சித்தி 79, அக்கா 98, பையன் 200-க்கு மேல். தாத்தாவின் ரத்தம் இல்லை. ஆனால் இரண்டு மகள்களுக்கும் இருப்பதாலும், அவருக்கு வந்த நடுக்கத்தாலும், அவர் வழியாகத்தான் வந்தது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவருடைய மகனான மாமாவுக்கு இது வர வழியில்லை. அவர் பிள்ளைகளுக்கும் இல்லை. பெரியம்மா வீட்டில் சோதனை வேண்டாம் என்றுவிட்டார்கள். அது அவர்கள் உரிமை.

என் எண் 81.

அதாவது தாத்தா நின்ற இடத்தில் இன்று நான் நிற்கிறேன். எனக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இது வந்திருக்குமா என்று சோதிக்கவே வேண்டாம், வந்திருக்கும். எண்தான் தெரியாது. "இப்பவே பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "அவளுக்கு இன்னிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இந்த எண்ணை வெச்சு இந்த வயசுல செய்யறதுக்கும் ஒண்ணுமில்லை. வளர்ந்து, புரிஞ்சு, அவளே கேக்கட்டும்" என்றார். வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வளர்ப்பது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். கல்யாணப் பேச்சு வரும்வரை மூடி வைத்து, அப்போது தலையில் போடக்கூடாது.

"சொந்தத்துல கட்டினதாலதான்"

அக்கா கட்டியது அத்தை மகனை, அதாவது அப்பாவின் தங்கை மகனை. பையனுக்கு இப்படி என்றதும் ஊரே தீர்ப்புச் சொன்னது: "சொந்தத்துல கட்டினதாலதான்." இன்னும் சிலர், அவள் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றார்கள்.

சொந்தத்தில் கட்டுவதால் சில நோய்களின் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அவை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேரவேண்டிய நோய்கள். இது அந்த ஜாதி இல்லை. பையனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அக்காவுக்கு அந்த எக்ஸ் அம்மாவிடமிருந்து, அம்மாவுக்குத் தாத்தாவிடமிருந்து. அத்தை மகனோ அப்பா வழி. அவருடைய எக்ஸ் இந்தப் பையனுக்கு வரவே இல்லை. அக்கா அசலில், டெல்லிக்காரரையே கட்டியிருந்தாலும் கணக்கு மாறியிருக்காது.

சரி, அப்படியானால் குற்றம் அம்மா மேலா, தாத்தா மேலா? தாத்தா இதைக் கேட்டு வாங்கவில்லை. அவருக்கு முன்னால் எத்தனையோ தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் வந்தது அது. யாரால் வந்தது என்று கேட்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். இன்னும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டால் உபயோகம் உண்டு. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் 20 நிமிஷம் வாங்கினேன்.

நம் நாட்டில் நீளும் மற்ற எழுத்துகள்

மாணவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நீளும் எழுத்து எஃப்.எம்.ஆர்.1-ல் மட்டும் இல்லை. ஹண்டிங்டன் நோயில் சி.ஏ.ஜி. நீள்கிறது. தசை இறுக்க நோயான மயோடோனிக் டிஸ்ட்ரோஃபியில் சி.டி.ஜி. நீள்கிறது. இந்தத் தசை நோய் தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரமாகவும் கடுமையாகவும் வருகிறது என்று பழைய டாக்டர்கள் சொல்லிவந்தார்கள். 1948-ல் லயனல் பென்ரோஸ் என்ற பெரிய மரபியல் அறிஞர், அது கணக்கெடுப்பில் வரும் மாயத்தோற்றம் என்று எழுதினார். 1992-ல் நீளும் எழுத்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது சரி என்று ஆயிற்று. ஷாப் ஃப்ளோரில் ஆபரேட்டர் சொல்லும் சத்தத்தை டிராயிங்கில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும் நம் தொழிலுக்கும் அதில் பாடம் உண்டு.

நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். எஸ்.சி.ஏ.1 என்ற நடைத் தடுமாற்ற நோய், தமிழ் பேசும் ஒரு சமூகத்தில் மிக அதிகமாக இருப்பதை 2005-ல் 'நியூராலஜி இந்தியா' இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். அதிலும் சி.ஏ.ஜி. வரிசைதான். சாதாரண மனிதர்களுக்கு நடுவில் சி.ஏ.டி. என்று பெஞ்ச் விட்டிருக்கும். நோய் உள்ளவர்களுக்கு அந்த பெஞ்ச் இல்லை. அங்கே அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம், மகனுக்கும் போகலாம், மகளுக்கும் போகலாம். வடக்கே, எஸ்.சி.ஏ.12 என்ற இன்னொரு வகை அகர்வால் சமூகக் குடும்பங்களில் கூடுதலாக இருப்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் ஜீனோம் விஞ்ஞானிகளும் கண்டறிந்தார்கள். பல தலைமுறைக்கு முன்னால் ஒரே மூதாதையிடம் தொடங்கிய நீட்சி அது என்கிறார்கள். எந்த ஜாதிக்கும் இதில் இழுக்கு இல்லை. நெருங்கி வாழ்ந்து, தங்களுக்குள் கட்டிக்கொண்ட கூட்டத்தில் ஒருவருடைய எழுத்து பலருக்குப் பரவும், அவ்வளவே.

எந்தச் சோதனை?

சாதாரண குரோமோசோம் சோதனை நார்மல் என்று வந்தால் ஃபிரஜைல் எக்ஸ் இல்லை என்று அர்த்தமில்லை. எங்கள் நான்கு வருஷம் அப்படித்தான் போயிற்று. இப்போது பிரபலமாக இருக்கும் எக்ஸோம் சோதனையையும் இதற்கு நம்பக்கூடாது. அது டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படித்து ஒட்டுகிறது. ஒரே மாதிரி செங்கல் வைத்த நீண்ட சுவரைச் சின்னச் சின்ன போட்டோவாக எடுத்து ஒட்டிப் பாருங்கள். மொத்தம் எத்தனை செங்கல் என்று எண்ண முடியாது. அதனால் 'எஃப்.எம்.ஆர்.1 ரிபீட் டெஸ்ட்' என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். ரத்தம் கொடுத்தால் போதும். பி.சி.ஆர்., சதர்ன் பிளாட் என்ற முறைகளில் எண்ணிச் சொல்வார்கள். வேலூர் சி.எம்.சி. போல மரபியல் பிரிவு உள்ள மருத்துவமனையில் ஆலோசனையோடு செய்துகொள்வது நல்லது. வெறும் எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினால் தூக்கம்தான் போகும்.

யார் கேட்க வேண்டும்? காரணம் தெரியாமல் பேச்சும் அறிவு வளர்ச்சியும் தாமதமாகும் குழந்தைகள், ஆட்டிசம் என்று சொல்லப்பட்ட குழந்தைகள், நாற்பதுக்குள் மாதவிலக்கு நின்ற பெண்கள், ஐம்பதுக்கு மேல் காரணம் தெரியாத நடுக்கமும் தடுமாற்றமும் உள்ளவர்கள், ஏற்கனவே ஒருவருக்கு உறுதியான குடும்பத்தினர். கர்ப்ப காலத்திலும், அதற்கு முன்பும் செய்துகொள்ளும் சோதனைகள் உண்டு. பால் வழியாக வரும் மரபு நோய்களுக்காகச் செய்யும் கருச்சோதனையை, பதிவு பெற்ற மையங்களில், 1994-ம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. அதில் என்ன முடிவெடுப்பது என்பது அந்தந்தக் கணவன் மனைவியின் விஷயம். மாமியாரோ மேடைப் பேச்சாளரோ சொல்லக்கூடாது.

சித்தி மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு இது தெரிந்தது. சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயந்தார்கள். சித்தி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எனக்கு யாராவது முப்பது வயசுல சொல்லியிருந்தா நான் இன்னொரு குழந்தையை முன்னாடியே பெத்திருப்பேன். என் பொண்ணுக்கு நான் சொல்லாம யார் சொல்லுவா?" அவரே மகளை உட்காரவைத்துச் சொன்னார். அவளும் தானாகவே போய்ச் சோதனை செய்துகொண்டாள். முடிவு என்ன என்பது அவளுடைய சொந்த விஷயம். இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை.

பையன் எப்படி இருக்கிறான்?

எல்லோரும் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள். ஜீனைத் திறக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, பதற்றத்துக்கும் துறுதுறுப்புக்கும் மருந்து, அவன் வேகத்துக்கு ஏற்ற பள்ளி. சிறப்புப் பள்ளி இந்த டவுன்ஷிப்பிலேயே இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். மும்பையில் ஷாலினி கேடியா என்ற தாய் தொடங்கிய ஃபிரஜைல் எக்ஸ் சொசைட்டி மூலம், நாட்டின் மற்ற மூலைகளில் இதே எண்களோடு வாழும் குடும்பங்கள் இருப்பதும் தெரியவந்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் இடம் உண்டு. சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள்.

அவனுக்கு இன்று டவுன்ஷிப்பின் வட்டம் எல்லாம் மனப்பாடம். எந்த பஸ் எந்த வட்டம் வழியாகப் போகும் என்று கேட்டால் டக்கென்று சொல்வான். ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்க மாட்டான். என் மேனேஜர் பேசுவதைப் போலவே பேசிக்காட்டி வீட்டையே சிரிக்க வைப்பான். மேனேஜர் சார் இங்கே வரவில்லை என்று நினைக்கிறேன்!

மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. இந்த நீண்ட வரிசையை ஒரே மூச்சில் படித்து, ஏ.ஜி.ஜி. எங்கே என்று காட்டும் கருவிகள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் செலவைக் குறைப்பது, கணக்கிடும் புரோகிராம் எழுதுவது எல்லாமே இன்ஜினீயர் வேலை. பயாலஜி நமக்கு வராது என்று ஒதுங்காதீர்கள். காப்பி, வழுக்கல், பிடிமானம், எண்ணிக்கை என்று நமக்குத் தெரிந்த வார்த்தைகளில்தான் அதுவும் இருக்கிறது.

வந்திருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் உங்கள் குடும்ப மரத்தை வரையுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டும். யாருக்கு எந்த வயதில் கை நடுங்கியது, யாருக்கு மாதவிலக்கு சீக்கிரம் நின்றது, எந்தப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தால் வீட்டில் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எங்கள் தாத்தா இருந்தபோது அந்தத் தாளை எழுதச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் பக்கம்தான் இருப்பேன். தனியாகப் பேச விரும்புகிறவர்கள் தயங்காமல் வரலாம்.